காக்கா காத்திருக்காது

தாமோதரக் குறுப்பு தன் வாழ்நாளில் ஒரே ஒரு சிரிப்பைத்தான் எடுக்காமல் விட்டார். அதற்குப் பிறகு அவர் எடுத்த சிரிப்புகளை எல்லாம் ஒன்றாக ஒட்டினால், வட்டியூர்க்காவிலிருந்து கன்னியாகுமரிக்குப் பஸ்ஸில் போய்ச் சேருகிற நேரம்வரை ஓடும். கொஞ்சம் கூட்டிச் சொல்கிற வாய் எனக்கு. குறைத்துக் கொண்டாலும் நாகர்கோவில்வரை நிச்சயம் வரும்.

எங்கள் ஊர் சினிமாக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாகப் படுத்து நடித்தவர், 'கட்' சொன்ன கையோடு கண்ணைத் திறந்து, அதே காமிராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். மூக்கில் பஞ்சும் நெற்றியில் சந்தனமுமாக ஒருவர் பல்லைக் காட்டுவதைப் பார்த்தால் பச்சைக் குழந்தை பயந்து போகும். அந்தச் சிரிப்பு படத்தில் வராது. அது யமனுக்காக எடுக்கிற ஷாட். 'இவன் சும்மாதான் படுத்திருந்தான், நீ வண்டியைத் திருப்பிக்கொண்டு போ' என்று அவனுக்குத் தகவல் சொல்கிற ஷாட்.

குறுப்புக்கு இதெல்லாம் ஆகாது. அவருடைய அப்பா பள்ளிக்கூட வாத்தியார், சாமி பேய் எதையும் நம்பாத, ஊரறிந்த யுக்திவாதி. பேய் கிடையாது என்று நிரூபிக்கச் சுடுகாட்டில் பாய் விரித்துப் படுத்தவர். மறுநாள் சளி பிடித்த மூக்கோடு வந்து, 'பேய் இல்லை, கொசு உண்டு' என்று ஊருக்கு அறிவித்தார். மகன் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவர். பூனாவில் சினிமா படித்துவிட்டு வந்து முதல் படம் தொடங்கியபோது, பூஜைக்குக் கொண்டு வந்த தேங்காயை உடைக்க விடாமல் சமையல்காரரிடம் கொடுத்துச் சட்னி அரைக்கச் சொன்னாராம். யூனிட் முழுக்க அன்று அந்தச் சட்னியைப் பயந்து பயந்து சாப்பிட்டது. படம் ஓடியது. இரண்டாவதும் ஓடியது. தேங்காயின் மானம் போயிற்று.

அந்தக் காலத்தில் மலையாளப் படங்கள் கோடம்பாக்கத்தில்தான் பிழைப்பு நடத்தின. அங்கே ஒரு லாட்ஜில் குறுப்போடு அறையைப் பகிர்ந்துகொண்டவர் வல்சன், ஒற்றப்பாலத்துக்காரர். நடிகர். ஆள் ஒல்லி, சிரிப்பு மட்டும் குண்டு. அவர் சிரித்தால் தெருக்கோடியில் கட்டிப்போட்ட நாய்கூட வாலாட்டும் என்பார்கள். ஒரே சட்டையை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்ட சிநேகிதம். வல்சனின் தங்கை சௌதாமினி நாடகக் குழுவில் இருந்தாள். லீவில் ஒற்றப்பாலம் போன குறுப்பு அந்த வீட்டில் மீன்கறி சாப்பிட்டார். பிறகு லீவே இல்லாமலும் போக ஆரம்பித்தார். கல்யாணம் பேசி வைத்தார்கள்.

மூன்றாவது படம் பாரதப்புழைக் கரையில் எடுத்தது. வல்சன் அதில் பெரிய நிலக்காரரான ஒரு ஜன்மியின் வீட்டுக் காரியஸ்தன். கடைசியில் ஆற்று மணலில் பிணமாகக் கிடக்க வேண்டும். பக்கத்தில் அழுகிற தங்கையாகச் சௌதாமினியே நடித்தாள். நிஜத் தங்கையைவிட்டே அழ வைத்தது குறுப்பின் யோசனை. இதை எனக்குச் சொன்னவர் மேக்கப் அப்புக்குட்டன். அன்று வல்சனின் மூக்கில் பஞ்சு வைத்தவர் அவர்.

அழுகை முடிந்தது. 'கட்' விழுந்தது. வல்சன் படுத்தபடியே கண்ணைத் திறந்தார்.

"எடா தாமு, என் சிரிப்பு?"

"அசையாதே எடா! உன் காலடியில காக்கா வந்து உக்காந்திருக்கு."

"காக்காவா? அதுக்கு மேக்கப் போட்டாச்சா?"

"வாயை மூடு. காமிரா மகசின்ல பிலிம் துளியூண்டுதான் மிச்சம். உன் பல்லை எடுக்கறதா, அதை எடுக்கறதா?"

"என் பல்லை எடுறா. காக்கா நாளைக்கும் வரும்."

"காக்கா காத்திருக்காது. நீ காத்திருப்பே."

யூனிட் சிரித்தது. அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த சௌதாமினியும் சிரித்தாளாம். வல்சன் மறுபடி பிணமானார். காக்கா சிதறிக் கிடந்த வாய்க்கரிசியில் ஒன்றைக் கொத்தியது, தலையைச் சாய்த்துக் காமிராவை நேராகப் பார்த்தது. பிலிம் தீர்ந்தது. புதுச் சுருள் கரைமேல் நின்ற காரில் இருந்தது. அதை எடுத்து வருவதற்குள் வெளிச்சம் போய்விட்டது.

"ரெண்டு பேருக்கும் நாளைக்கு ஒரு டேக் வை" என்றார் வல்சன். ஆற்றில் முங்கிச் சந்தனத்தைக் கழுவிக்கொண்டு, பருப்புவடையும் சாயாவும் சாப்பிட்டுவிட்டு, ராத்திரி நடக்கிற இன்னொரு படப்பிடிப்பை முடித்துவிட்டுக் காலையில் திரும்புவதாகச் சொல்லிக் கொச்சிக்குக் காரில் கிளம்பினார். ஒரு வளைவில் லாரி வந்தது. அப்புக்குட்டன் திரும்பவும் பஞ்சு வைக்க வேண்டியதாயிற்று, இம்முறை யாரும் கட் சொல்லவில்லை.

படம் வெளிவந்தது. எல்லோரும் காக்காவைப் புகழ்ந்தார்கள். ஒரு விமரிசகர் அந்தக் காக்கா ஜன்மி வர்க்கத்தின் வீழ்ச்சி என்று பக்கம் பக்கமாக எழுதினார். காக்காவை யாரும் கேட்கவில்லை. கோடம்பாக்கத்தில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. 'குறுப்பு ஆளைப் படுக்க வைப்பாரு, எழுப்ப மாட்டாரு' என்றார்கள். குறுப்பு ஒரு வாரப் பத்திரிகையில் பதில் எழுதினார். லாரியின் பிரேக்குக்கும் ஒரு மனிதனின் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. நியாயமான கேள்வி கேட்டவரின் படத்தில் யாரும் சாகத் தயாராக இல்லை. அடுத்த படத்தில் ஒரு பிணம் தேவைப்பட்டபோது கூட்டத்தில் நிற்கிறவர்கள்கூடப் படுக்க மறுத்ததால், வைக்கோல் பொம்மைக்குத் துணி போர்த்திப் படம் பிடித்தார்கள். காற்றில் துணி விலகி வைக்கோல் கால் தெரிந்தது. சாவு வீட்டுக் காட்சியில் கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது. அத்தோடு அவர் சினிமா முடிந்தது. ஒரு பிணம் சிரிக்காததால் தொடங்கியது, எல்லோரும் சிரித்ததால் முடிந்தது.

சௌதாமினி அவரையே கட்டிக்கொண்டாள். ரிஜிஸ்தர் ஆபீசில், மாலைகூட இல்லாமல். ஊர் ஆயிரம் சொன்னது. அவள் சொன்னது ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம். அவர்கள் மீன்கறியில் புளி போதாததற்குச் சண்டை போட்டார்கள், குடையைத் தொலைத்ததற்குச் சண்டை போட்டார்கள், குழந்தை இல்லாததற்குக்கூட ஒருமுறை கதவை அறைந்து சாத்திக்கொண்டார்கள். ஆற்று மணலைப் பற்றி மட்டும் அவள் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார், அவரிடம் நல்ல பதில்கள் இருந்தன. வீட்டுக்குள் வருஷக் கணக்காக அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு கேள்விக்காகக் காத்திருந்தார்.

கொஞ்ச காலம் கல்யாண வீடியோ எடுத்தார். பெண் வீட்டார் அழும்போது 'இன்னொரு தடவை' என்று கேட்டு அடிவாங்கப் பார்த்தார். பிறகு டெலிவிஷன் வந்தது, சீரியல் வந்தது, வட்டியூர்க்காவில் படப்பிடிப்புக்கு ஒரு வீடு தேவைப்பட்டது. அது என் வீடு. அப்படித்தான் எனக்கு அவர்களைத் தெரியும்.

காலேஜில் பாடம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவளுக்கு ஒரு பெரிய வீடும் ஓயாத வாயும் மிச்சம். வீட்டை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள், வாயை அவர்கள் சகித்துக்கொண்டார்கள். ஒரே சமையலறையில் திரைச்சீலையை மாற்றி மாற்றித் தொங்கவிட்டு சீரியலின் மூன்று குடும்பங்கள் குடியிருந்தன. பணக்கார மாமியார் என் அரிசிப் பானையில் விஷம் கலப்பாள், மத்தியானம் அதே பானையில் யூனிட்டுக்குக் கஞ்சி கொதிக்கும். குறுப்பு 'கட்' என்று கத்தினால் பக்கத்து வீட்டுக் கோழி முட்டையைப் பாதியில் நிறுத்திவிடும். சத்தியம்.

சீரியலில் நாயகி ஒருத்தி, வில்லி நாலு பேர். ஆனால் நடுவில் நின்ற தூண் பாரதியம்மா என்கிற தாய் வேஷம். சௌதாமினிதான். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், வசனம் வேண்டாம். மார்க்கெட்டில் மீன்காரி அவளிடம் தராசைச் சரியாகப் பிடிப்பாள்.

முதல் சாவு அந்தக் குடும்பத்துப் பெரியவருக்கு வந்தது. நடிகர் துபாய்க்குக் கலை நிகழ்ச்சிக்குப் போக வேண்டியிருந்ததால் கதையில் அவருக்கு நெஞ்சுவலி. கூடத்தில் வாழையிலை விரித்து, தேங்காய் முறியில் திரி ஏற்றி, அவரைக் கிடத்தி எல்லாம் எடுத்தார்கள். குறுப்பு 'கட்' சொன்னார். கொஞ்சம் நின்றார். அப்புறம் யாருக்கும் கேட்காத குரலில் "சிரிங்க" என்றார்.

அப்புக்குட்டன் கையிலிருந்த சந்தனக் கிண்ணம் கீழே விழுந்தது.

"சாரே, நிஜமாவா?"

"வீடியோதானே. பிலிமா தீரப்போகுது?" என்றார் குறுப்பு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து அவர் யாரையும் சிரிக்காமல் விட்டதில்லை. சும்மா மயங்கி விழுந்தவர்களைக்கூடச் சிரிக்கச் சொல்வார். ஒருநாள் பெரிய பாட்டியாக நடிக்க வேண்டியவர் வராததால் என்னையே என் கூடத்தில் கிடத்திவிட்டார்கள். வாழ்க்கையில் நான் தொடர்ச்சியாகப் பேசாமல் இருந்தது அன்றுதான். 'கட்' என்றதும் எனக்குக் கட்டுப்படாமல் சிரிப்பு வந்து வாழையிலையே கிழிந்துவிட்டது. குறுப்பு மானிட்டரில் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"டீச்சரே, இதுதான் சிரிப்பு. கண்ணு முதல்ல சிரிக்குது, உதடு அப்புறம் வருது. நடிக்கறவங்களுக்கு உதடு முந்திக்கும்."

"எனக்குப் பல்லு முந்திக்கும், அது கழட்டி வச்சது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவர் சிரிப்பதே இல்லை.

அந்த மழைக்காலத்தில் சௌதாமினி இளைக்க ஆரம்பித்தாள். பாரதியம்மாவின் ஜாக்கெட்டுகளை அப்புக்குட்டனின் மனைவி உள்பக்கமாகப் பிடித்துத் தைத்தாள், மறுபடி தைத்தாள். வயிற்றில் கட்டி என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக இருந்ததால் வாரத்தில் பாதி நாள் அவள் இல்லை. சேனலிலிருந்து ஷெரின் என்ற பெண் வந்தாள். கெட்டவள் இல்லை. கையில் போன், முகத்தில் வருத்தம், இரண்டும் சார்ஜ் தீராமல் இருந்தன.

"சாரே, ரெண்டு வழிதான். 'இனி பாரதியம்மாவாக இன்னார்'னு கார்டு போட்டு வேற ஆளைக் கொண்டு வரலாம். இல்லேன்னா கதையில அம்மாவை..."

"வாக்கியத்தை முடி மோளே" என்றாள் சௌதாமினி, என் சோபாவில் சாய்ந்தபடி. "அம்மாவை என்ன?"

"அம்மா... இறந்துடறாங்க."

"அதையே வை. என் கண்ணாடியை மாட்டிக்கிட்டு, என் புடவையைக் கட்டிக்கிட்டு வேற ஒருத்தி வந்து நிக்கறதைப் பாக்க என்னால ஆகாது. அதுக்கு நான் செத்துரலாம்."

ஷெரின் அழுதுவிட்டாள். குறுப்பு எழுந்து கொல்லைப்பக்கம் போனார். சௌதாமினி மெல்ல எழுந்து அவர் பின்னாலேயே போனாள். என் சமையலறை ஜன்னல் கொல்லைப் பக்கமாகத்தான் திறக்கும். அதற்கு நான் என்ன செய்ய?

"அசிஸ்டெண்ட் எடுக்கட்டும். என்னால முடியாது மினி."

"அவனுக்கு என் முகத்துல எங்க வெளிச்சம் வைக்கணும்னே தெரியாது. பிணமா இருந்தாலும் நான் நல்லா இருக்கணும் தாமுவேட்டா."

"அந்த வார்த்தையைச் சொல்லாதே."

"எதை? நல்லா இருக்கணும்கறதையா?"

"விளையாடாதே."

"எடுத்துட்டுச் சிரிக்கச் சொல்லுவீங்கள்ல? ஊர்ல எல்லாருக்கும் சொல்றீங்க. எனக்கு மட்டும் கிடையாதா?"

குறுப்பு கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, லாரி பிரேக்கைப் பற்றி எழுதிய மனிதர், பேய் இல்லை கொசு உண்டு என்று அறிவித்தவரின் மகன், அந்தச் சிரிப்பு அவளைப் பிடித்து நிறுத்திவிடும் என்று உள்ளூர நம்புகிறார் என்று. ஆஸ்பத்திரி ஒருபக்கம் இருக்கட்டும், கடைசி மருந்து தன் காமிராவில் இருக்கிறது என்று.

காட்சி எடுக்கிற அன்று காலையில் அப்புக்குட்டன் அவளுக்கு மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார். போடுவதற்கு அதிகம் இருக்கவில்லை. வியாதியே பாதி வேலையைச் செய்து வைத்திருந்தது. அவர் பவுடர் எடுக்க வெளியே போனபோது சௌதாமினி கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள்.

"டீச்சரே, ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. இந்த ஓணம்தான் கடைசி ஓணம்."

"குறுப்புக்குத் தெரியுமா?"

"கொஞ்சம் தெரியும். மிச்சத்தைத் தெரிஞ்சுக்க மாட்டேங்கறார். சிரிப்பு இருக்குன்னு நினைக்கறார்."

"அப்புறம் எதுக்கு மோளே சிரிக்கப் போறே? எழுந்து வந்துரு."

அவள் கூந்தலை ஒதுக்கிக்கொண்டாள். "நான் நல்லாச் சிரிச்சுட்டு, அப்புறமும் போயிட்டேன்னா? சிரிச்சாலும் போறவங்க போவாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சுடும்ல? அப்ப என் அண்ணன் சிரிக்காததால போகலைன்னும் தெரியும்ல? இத்தனை வருஷம் வாயால சொல்ல வரலை. சொன்னா மன்னிச்ச மாதிரி ஆயிடும். மன்னிக்கறதுக்கு அவர் ஒண்ணும் பண்ணலையே டீச்சரே. ஒரு காக்காவை எடுத்தார், அவ்வளவுதான்."

அப்புக்குட்டன் பவுடரோடு வந்ததும் நான் கூடத்துக்குப் போனேன். 

கூடத்தில் வாழையிலை. கோடித் துணி. தலைமாட்டில் பித்தளை நிலவிளக்கு, ஒரே திரி. சௌதாமினி படுத்தாள். குறுப்பு வெளிச்சத்தை நாலு முறை மாற்றினார், அவள் கன்னத்துக் குழி தெரியாதபடி வைத்தார். நாயகி கதறினாள், வில்லிகள் கதறினார்கள். நிஜமாகவே கதறினார்கள், ஒருத்திக்கும் கிளிசரின் வேண்டியிருக்கவில்லை. 'கட்' என்றார் குறுப்பு. கோழிக்குக்கூடக் கேட்டிருக்காது.

பிறகு சிரிப்பு எடுக்க வேண்டும். காமிராமேன் ரெஜி, பேட்டரி மாற்ற வேண்டும், ஒரு நிமிஷம் என்றான்.  அந்த இடைவெளியில், கண்ணை மூடியபடி, சந்தனம் பூசிய நெற்றியோடு சௌதாமினி சொன்னாள்:

"அதுக்குள்ள வெளிய காக்கா ஏதாவது வந்திருக்கான்னு பாருங்க. அதை எடுத்துட்டு வாங்க. காக்கா காத்திருக்காது. நான் காத்திருப்பேன்."

விஷயம் தெரியாத சின்னப் பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவள் குரலிலும் விளையாட்டுதான் இருந்தது. ஒற்றப்பாலத்துக் கிண்டல், அண்ணன் பாணி. ஆற்று மணலில் விட்ட பேச்சைத் திரும்ப எடுத்து, பார் இது வெறும் தமாஷ்தானே என்று கணவன் கையில் கொடுக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. குறுப்பின் முகத்தைப் பார்த்தேன். அவர் கையில் போய்ச் சேர்ந்தது தமாஷ் இல்லை, இத்தனை வருஷம் காத்திருந்த கேள்வி. அப்புக்குட்டன் அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்.

"ரெடி சாரே" என்றான் ரெஜி.

குறுப்பு உதட்டை அசைத்தார், சத்தம் வரவில்லை. அவள் தானே கண்ணைத் திறந்து காமிராவைப் பார்த்துச் சிரித்தாள். என்ன சிரிப்பு! அவ்வளவு மெலிந்த உடம்பில் அதற்கு எங்கே இடம் இருந்தது என்று தெரியவில்லை. நிலவிளக்குத் திரி அசைந்தது. நாயகி கைதட்டினாள், எல்லோரும் தட்டினார்கள். அப்புக்குட்டன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, "வல்சன் சாரேதான், அப்படியே வல்சன் சாரே" என்றார்.

"ஓகே" என்றார் குறுப்பு.

ஓணம் முடிந்து, வாசலில் போட்ட பூக்கள் அழுகுவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் வாழையிலை விரித்திருந்தது. பார்க்க வந்த பெண்கள் 'சீரியல்ல பாத்த மாதிரியே இருக்காங்களே' என்று ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள். ஒருத்தி தன் போனில் படம் எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை, எங்களுக்கே அது எந்தக் காட்சி என்று குழம்பிப் போயிருந்தது.

அஞ்சலி நிகழ்ச்சிக்காகச் சேனல் அந்தச் சிரிப்பைக் கேட்டது. யமனைத் தவிர யாரும் பார்க்கக் கூடாத ஷாட். குறுப்பு கொடுத்துவிட்டார். சந்தனத்தையும் கோடித் துணியையும் வெட்டி முகம் மட்டும் தெரியும்படி செய்து, பின்னால் புல்லாங்குழல் சேர்த்து, செய்தி முடிந்ததும் போட்டார்கள். வீட்டுக்கு வீடு அழுதார்கள்.

கொஞ்ச நாள் கழித்து அவர் என் வீட்டுக்கு வந்தார். படப்பிடிப்பு இல்லாத நாள். நான் பால் விடாமல் கட்டன்சாயா போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"டீச்சரே, நான் அதை நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். உதடு முந்திக்குது."

"என்ன?"

"அவ சிரிப்பு. உதடு முதல்ல வருது, கண்ணு அப்புறம்தான் வருது. அது நடிப்பு. அவ களைச்சிருந்தா, நான் ஓகே சொல்லிட்டேன். டேக் டூ போயிருக்கணும்."

"தாமோதரா, பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றேன். அவரைவிட நான் மூத்தவள். பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான். மேக்கப் கண்ணாடி முன்னால் அவள் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். கூட்டிச் சொல்கிற வாய், அன்று மட்டும் ஒன்றும் கூட்டவில்லை, ஒன்றும் குறைக்கவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீங்க நல்லாக் கதை சொல்லுவீங்க டீச்சரே. எல்லாருக்கும் தெரியும்."

ஊர் முழுக்க என்னை நம்பியிருக்கிறது. என் கிணற்றில் ஆமை பேசுகிறது என்று சொல்லி மூன்று பேரைக் கிணற்றடிக்கு அனுப்பியிருக்கிறேன். உண்மையைச் சொன்ன அன்று நம்ப ஆளில்லை.

"அவதான் சொன்னான்னே வச்சுக்கலாம்" என்றார் எழுந்துகொண்டு. "அதுவும் வசனம்தான். அவ வசனம் நல்லாச் சொல்லுவா. ஆனா காக்காவைப் பத்திச் சொன்னாளே, அதுல நடிப்பே இல்லை. அது மட்டும்தான் ஒரே டேக்குல சரியா வந்தது."

அதன்பின் அவரோடு வேலை செய்வது கொடுமையாகிப் போனது. பிணமாகப் படுத்தவர்களை விடவே மாட்டார். 'உதடு முந்துது, இன்னொண்ணு' என்பார். 'கண்ணுல வரலை, இன்னொண்ணு.' ஒரு நடிகர் சிரித்துச் சிரித்துத் தொண்டை கட்டி, மறுநாள் ஆவியாக வந்து பேச வேண்டிய காட்சியில் ஊமை ஆவியாக நின்றார். இன்னொரு பெண் வாழையிலையில் படுத்தபடி அழுதுவிட்டாள். அவர் அதையும் எடுத்துப் பார்த்து, அழுகை நிஜம், சிரிப்பு வரட்டும் என்றார். வேலை நாள் முழுக்க ஒரு பிணத்தோடு போனால் சேனல் என்ன செய்யும்? ஷெரின் வந்து என் சோபாவில் உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான், டைரக்டரை மாற்றப் போகிறார்கள் என்று அவரிடம் சொன்னாள். அவர் சண்டை போடவில்லை. 'அடுத்து வர்றவர்கிட்ட, சாகறவங்களைச் சிரிக்க வைக்கச் சொல்லுங்க. நல்லாச் சிரிக்க வைக்கச் சொல்லுங்க' என்று மட்டும் சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் வீட்டில் டெலிவிஷன் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரே முகம் நின்றபடி. ரெஜி வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பான். "டீச்சரே, சார் ரிமோட்டை வச்சுக்கிட்டு முன்னாடி ஒரு பிரேம், பின்னாடி ஒரு பிரேம் தள்ளிக்கிட்டே இருக்கார். கண்ணா உதடான்னு என்னைக் கேக்கறார். கண்ணுதான் சாரேன்னு சொன்னேன். உனக்கு லென்ஸே பாக்கத் தெரியலைன்னுட்டார்." ஒருநாள் ரெஜி போனபோது டெலிவிஷன் ஓடிக்கொண்டிருந்தது, அவர் ஓடவில்லை. நாற்காலியிலேயே சரிந்து கிடந்தார். ரிமோட் கையில் இருந்தது.

பிள்ளை கிடையாது, யுக்திவாதி வேறு. காக்காவுக்குச் சோறு வைக்கிற பலிச் சடங்கு வேண்டாம் என்று அவர் சொல்லி வைத்திருக்கக்கூடும், எங்களிடம் சொல்லவில்லை. ரெஜிதான் செய்தான். அவர் வீட்டு முற்றத்தில் ஈர வேட்டியோடு உட்கார்ந்து, இலையில் சோற்று உருண்டை வைத்து, எள் தூவி, நனைந்த கையைத் தட்டிக் காக்காவைக் கூப்பிட்டான். சினிமாவிலிருந்து யாரும் வரவில்லை. சீரியலிலிருந்து நாயகி வந்திருந்தாள், அப்புக்குட்டன் வந்திருந்தார், நான்.

காக்கா வந்தது. மதில்மேல் உட்கார்ந்தது. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. இறங்கவில்லை.

ரெஜி மறுபடி தட்டினான். நாயகியும் தட்டினாள். காக்கா ஒரு அடி நகர்ந்து, திரும்பவும் அதே இடத்துக்கு வந்து நின்றது. வெயில் ஏறியது. சோறு காய ஆரம்பித்தது. காக்கா காத்திருக்காது என்று சொன்ன மனிதருக்காக நாங்கள் நாலு பேர் ஒரு காக்காவின் முன்னால் காத்துக்கொண்டிருந்தோம்.

அப்புக்குட்டன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"சார் ஓகே சொல்லாம அது இறங்காது" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கண் முந்தியதா, உதடு முந்தியதா, சொல்வதற்கு ஆள் இல்லை.